சிஸேரியன் பிரசவமும் முழு மயக்கமும்: கணவன்மார் அறிந்திருக்க வேண்டியவை



நாம் வியாபாரிகள். சரக்கு எங்கே மலிவு, எந்தக் காண்டெய்னர் எந்த நாளில் துறைமுகம் வரும், எந்தக் கடைக்காரர் எத்தனை நாள் கடன் கேட்பார் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் நம் வீட்டுப் பெண்மக்கள் ஆப்ரேஷன் மேஜையில் படுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தால், நம்மில் அநேகர் செய்வது இரண்டே காரியங்கள்: பணத்தை எண்ணுவது, பிறகு கை பிசைந்துகொண்டு நிற்பது. டாக்டர் சொல்வது பாதி விளங்குவதில்லை. விளங்காததைக் கேட்க வெட்கம். அந்த இடைவெளியில் அண்டை அயலார் சொல்லும் கதைகள் புகுந்துகொள்கின்றன. "முழு மயக்கம் கொடுத்தால் எழுந்திருக்க மாட்டாள்" என்பார் ஒருவர். "நோவில்லாமல் பெறுவது பேறாகுமா?" என்பார் இன்னொருவர். இவ்விரண்டு பேச்சுகளும் கர்ப்பிணியின் காதிலும் விழுகின்றன என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

வைத்தியம் படித்தவர்களல்ல நாம். ஆயினும் கேட்டும் வாசித்தும் நம் வீட்டில் கண்டும் அறிந்தவற்றை, முன்கூட்டி நாள் குறித்து முழு மயக்கத்தில் செய்யப்படும் சிஸேரியன் பிரசவம் பற்றிய ஒரு பாடமாக இங்கே எழுதுகிறோம். இது டாக்டரின் சொல்லுக்கு மாற்றல்ல. டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்கான தயாரிப்பு.

பழைய வரலாறு

வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுப்பது நேற்று வந்த பழக்கமன்று. ரோமாபுரியின் ஜூலியஸ் ஸீஸர் அவ்வாறு பிறந்ததால்தான் இந்தப் பெயர் வந்தது என்று பலர் சொல்வார்கள். அது பொருந்தாது. அக்காலத்தில் தாய் இறந்த பிறகோ, இறக்கும் தறுவாயிலோதான் வயிற்றைக் கீறினார்கள். ஸீஸரின் தாயாரோ மகன் வளர்ந்து பெரிய தளபதியான பின்னும் உயிரோடிருந்தார்.

நம்மவர்களின் நூல்களிலும் இதைக் காணலாம். பேரறிஞர் அல்பீரூனியின் 'அல் ஆஸாருல் பாகியா' என்ற நூலின் 1307ஆம் ஆண்டுக் கைப்பிரதி ஒன்று எடின்பரோ சர்வகலாசாலையில் இருக்கிறது. குழந்தையைத் தாயின் வயிற்றிலிருந்து எடுக்கும் சித்திரம் அதில் வரையப்பட்டுள்ளது. அதற்கும் முந்திய பாரஸீகக் காவியமான ஷாநாமாவில் வீரன் ருஸ்தமின் பிறப்பு இப்படியே சொல்லப்படுகிறது. தாய் ரூதாபாவுக்கு மது கொடுத்து அறிவை மயங்கச் செய்து, விலாவைக் கீறிக் குழந்தையை எடுத்து, காயத்தைத் தைத்து, பச்சிலை வைத்தார்களாம். அது கதைதான். ஆனால் தாய்க்கு நோவு தெரியாமல் மயக்க வேண்டும், காயத்தைத் தைக்க வேண்டும், தாயும் பிழைக்க வேண்டும் என்ற மூன்று எண்ணங்களும் ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே மனிதருக்கு இருந்தன என்பதை அந்தக் கதை காட்டுகிறது.

எண்ணம் காரியமாக வெகுகாலம் பிடித்தது. 1846ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஈதர் என்னும் மயக்க மருந்தைக் கொடுத்து ரணசிகிச்சை செய்து காட்டினார்கள். மறு வருஷமே, 1847இல், எடின்பரோவில் டாக்டர் சிம்ப்ஸன் பிரசவத்திற்குக் குளோரோபாரம் உபயோகித்தார். 1853இல் விக்டோரியா மகாராணி தம் பிள்ளைப்பேற்றின்போது அதனைப் பெற்றுக்கொண்டார். 1882இல் ஜெர்மனியின் டாக்டர் ஸாங்கர், கீறிய கர்ப்பப்பையைச் சரியாகத் தைக்கும் முறையை வெளியிட்டார். அதன் பிறகே தாய்மார் பிழைப்பது அதிகரித்தது.

நாம் வாழும் பூமியிலும் இதற்கொரு வரலாறு உண்டு. சிங்கப்பூரின் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய டாக்டர் பெஞ்சமின் ஷியர்ஸ், கர்ப்பப்பையின் மேற்பகுதியைக் கீறும் பழைய முறைக்குப் பதிலாகக் கீழ்ப்பகுதியைக் கீறும் முறையை இங்கே கொண்டுவந்தவர். அதனால் தாய்மாருக்கு ஆபத்து குறைந்தது. அவரே பின்னர் 1971 முதல் 1981இல் காலமாகும் வரை சிங்கப்பூரின் ஜனாதிபதியாக இருந்தார். அந்த ஆஸ்பத்திரியில் 1966ஆம் ஒரே வருஷத்தில் 39,835 குழந்தைகள் பிறந்தன. இதை வாசிப்போரில் சிலர் அங்கே பிறந்தவர்களாகவே இருக்கக்கூடும்.

நாள் குறிப்பது எதற்காக?

நோவு கண்டபின் திடீரென்று செய்யும் சிஸேரியன் வேறு. முன்கூட்டி நாள் குறித்துச் செய்வது வேறு. முன்பே இரண்டு முறை சிஸேரியன் ஆனவர்கள், நச்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள், குழந்தை குறுக்காகக் கிடப்பவர்கள், குழந்தை தலைகீழாகத் திரும்பாதவர்களில் சிலர் என்று பலருக்கு டாக்டர்கள் நாள் குறிக்கிறார்கள்.

தாய்க்கோ பிள்ளைக்கோ வேறு ஆபத்து இல்லையானால், 39 வாரம் நிறைந்த பின்பே அந்த நாள் குறிக்கப்படுவது வழக்கம். அதற்கு முந்தினால் குழந்தையின் நுரையீரல் பக்குவமடையாமல், பிறந்ததும் மூச்சுத் திணறல் வர இடமுண்டு. இதை நாம் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. "வெள்ளிக்கிழமையாகப் பார்த்துச் செய்யுங்கள்", "ஸபர் மாதம் பிறக்குமுன் முடித்துவிடுங்கள்" என்று டாக்டரை நெருக்குகிற கணவன்மார் உண்டு. ஸபரில் பீடை இல்லை என்று நாயகம் (ஸல்) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். காய் பழுக்குமுன் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகுமென்று வியாபாரிக்குத் தெரியும். பிள்ளை விஷயத்தில் மட்டும் அதை மறக்கலாமா?

முதுகு ஊசியா, முழு மயக்கமா?

இக்காலத்தில் நாள் குறித்துச் செய்யும் சிஸேரியன்களில் பெரும்பாலானவை முதுகு ஊசி போட்டே செய்யப்படுகின்றன. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். தாய் விழித்திருப்பாள், பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்பாள். மருந்து பிள்ளைக்குச் சேர்வதும் குறைவு. ஆகவே டாக்டர்கள் முதலில் அதையே சிபாரிசு செய்கிறார்கள்.

அப்படியானால் முழு மயக்கம் யாருக்கு? இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் மிகவும் குறைந்தவர்களுக்கு முதுகில் ஊசி போட்டால், தண்டுவடத்தின் பக்கத்தில் இரத்தம் கசிந்து நரம்பை நசுக்கக்கூடும். கால் விளங்காமற்போகும் அபாயம் அது. இரத்தத்தை இளக வைக்கும் மருந்தை நிறுத்த முடியாதவர்களுக்கும் இதே கதி. முதுகெலும்பில் பெரிய ஆப்ரேஷன் நடந்தவர்கள், ஊசி போடும் இடத்தில் கிருமி நோய் உள்ளவர்கள், சில வகை இருதய நோயாளிகள், நச்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவருக்குள் வேரோடியிருப்பதால் மிகுந்த இரத்தப்போக்கு எதிர்பார்க்கப்படுபவர்கள் ஆகியோருக்கும் முழு மயக்கம் தேவைப்படலாம். முதுகு ஊசி போட்டும் சரியாக மரத்துப்போகாத சமயங்களும் உண்டு.

ஆகவே முழு மயக்கம் என்பது சொகுசுக்காகக் கேட்டு வாங்கும் காரியமென்று எண்ணுவது தவறு. அநேகருக்கு அதுவே பாதுகாப்பான வழி. டாக்டர் இதைச் சொன்னால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இவருக்கு முதுகு ஊசி ஏன் ஆகாது?" காரணத்தை அவர் விளக்குவார். விளங்கும்வரை கேட்பதில் வெட்கமில்லை.

முன்னதாகச் சொல்ல வேண்டியவை

மயக்க மருந்து கொடுப்பவரும் ஒரு தனி டாக்டர். ஆப்ரேஷனுக்கு முன்பு அவர் வந்து பல கேள்விகள் கேட்பார். அவரிடம் எதையும் மறைக்கலாகாது. கணக்கை மறைத்து ஆடிட்டரிடம் போனால் பணம்தான் நஷ்டம். இங்கே மறைத்தால் நஷ்டமாவது உயிர்.

ஆடும் பல், கட்டிய பல், மூச்சிரைப்பு, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமை, முந்திய ஆப்ரேஷனில் நேர்ந்த தொல்லை ஆகிய யாவற்றையும் சொல்ல வேண்டும். ஜாமு, நாட்டு மருந்து, ஊரிலிருந்து தருவித்த லேகியம் எது சாப்பிட்டாலும் சொல்ல வேண்டும். அவற்றில் சில, இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும்.

இன்னொன்று நம் சமூகத்துக்கு விசேஷமானது. தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து சாதாரணமாகச் சில நிமிஷங்களில் கலைந்துவிடும். சிலருடைய உடலில் அதைக் கரைக்கும் சக்தி பிறவியிலேயே குறைந்திருக்கும். அவர்களுக்கு அது கலையப் பல மணி நேரம் ஆகும். அதுவரை இயந்திரத்தின் உதவியால் மூச்சு விடச் செய்து வைத்திருந்து எழுப்புவார்கள். இது தாய் தகப்பன் இருவழியிலும் சேர்ந்து வருவது. மாமன் மகள், மாமி மகன் என்று சொந்தத்திலேயே கலியாணம் செய்துவரும் குடும்பங்களில் இது வெளிப்பட அதிக இடமுண்டு. ஆகவே, "நம் குடும்பத்தில் யாருக்காவது மயக்கம் கொடுத்து எழுப்ப நேரமானதுண்டா?" என்று இரு பக்கத்துப் பெரியவர்களிடமும் முன்பே கேட்டுவைப்பது நல்லது.

வயிறு காலியாக இருப்பது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 1946ஆம் ஆண்டு நியூயார்க்கில் டாக்டர் மெண்டல்ஸன் 44,016 கர்ப்பங்களின் பதிவுகளைப் பார்த்தபோது, மயக்கத்திலிருந்த 66 தாய்மாருக்கு வயிற்றிலிருந்தது மேலேறி நுரையீரலுக்குள் போயிருந்ததைக் கண்டார். கர்ப்பிணியின் வயிற்றைப் பிள்ளை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். இரைப்பையின் மேல்வாயும் தளர்ந்திருக்கும். மயக்கத்தில் இருமவும் முடியாது. ஆகவே இவர்களுக்கு அந்த அபாயம் மற்றவர்களைவிட அதிகம்.

அதனால் ஆப்ரேஷனுக்கு 6 மணி நேரம் முன்பிருந்து உணவு கூடாது. 2 மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் அருந்தலாம் என்பது பொதுவான முறை. ஆஸ்பத்திரியில் வேறு விதமாகச் சொன்னால் அதன்படியே நடக்க வேண்டும். நம்மவர்கள் இடறும் இடம் ஒன்றுண்டு. பால் சேர்த்த தேத்தண்ணீரும் உணவுக் கணக்கிலேயே சேரும். "ஒரு வாய் தேத்தாரே தானே, பசியோடு எப்படி அனுப்புவது?" என்று பாசத்தோடு கொடுக்கும் உம்மாமார்கள் இதை அறிந்திருக்க வேண்டும். வயிற்றின் புளிப்பைக் குறைக்க ஆஸ்பத்திரியில் மருந்தும் கொடுப்பார்கள்.

நகை, கருகமணி, தாயத்து முதலியவற்றைக் கழற்றச் சொல்வார்கள். கருகமணியைக் கழற்றினால் நிக்காஹுக்கு ஒன்றும் ஆகாது, சஞ்சலப்பட வேண்டாம். விரல் நுனியில் மாட்டும் ஒரு சிறு கருவியினால் இரத்தத்திலுள்ள பிராணவாயுவை அளப்பார்கள். ஆகையால் நகச்சாயம் வேண்டாம். பெண் டாக்டர் வேண்டுமென்றும், தலையை மறைக்கத் தொப்பி வேண்டுமென்றும் முன்பே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த வேளையில் இருப்பவர் ஆண் டாக்டர் என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. நிர்ப்பந்தத்தில் மார்க்கம் இடம் தருகிறது.

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து அந்தப் பெண்ணுடையது. அவள் வாசித்து, கேட்டு, விளங்கிக் கையெழுத்திட வேண்டும். கணவன் பக்கத்திலிருந்து உதவலாம். அவளுக்குப் பதிலாகத் தீர்மானிக்கலாகாது.

அறைக்குள் நடப்பது

பெண்ணை மேஜையில் சற்று இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். நேர் மல்லாக்கப் படுத்தால் பிள்ளையின் பாரம் பெரிய இரத்தக்குழாயை அமுக்கி, தாய்க்கும் பிள்ளைக்கும் இரத்த ஓட்டம் குறையும். முகத்தில் மூடி வைத்துச் சுமார் 3 நிமிஷம் பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்வார்கள்.

இதில் ஒரு விஷயம் பெண்களைத் திடுக்கிடச் செய்யக்கூடும். மயக்கம் கொடுக்குமுன்பே வயிற்றை மருந்திட்டுத் துடைத்து, துணி போர்த்தி, டாக்டர்கள் தயாராக நின்றுகொள்வார்கள். "மயங்குமுன்னே கீறிவிடுவார்களோ?" என்று அஞ்ச வேண்டாம். அவள் முற்றிலும் உறங்கி, மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தப்பட்டது நிச்சயமான பின்பே கத்தி வைப்பார்கள். முன்கூட்டித் தயாராவது, மயக்க மருந்து பிள்ளைக்குச் சேருமுன் பிள்ளையை விரைவாக எடுப்பதற்காகத்தான்.

பின்பு கையிலுள்ள ஊசி வழியாக மருந்து போகும். இன்று அதிகமாக உபயோகிக்கும் ப்ரோபோஃபால் பால்போல் வெண்மையாயிருக்கும். மருந்து போகும் வேளையில் ஒருவர் கழுத்தின் முன்புறத்தை விரல்களால் அமுக்கக்கூடும். வயிற்றிலிருப்பது மேலேறாமல் தடுக்க 1961இல் லண்டனில் டாக்டர் ஸெல்லிக் சொன்ன முறை அது. முன்பே தெரிந்திருந்தால் பயமில்லை. அரை நிமிஷம், ஒரு நிமிஷத்தில் உறக்கம் வந்துவிடும்.

அநேகமாகச் சில நிமிஷங்களிலேயே பிள்ளை வெளியே வந்துவிடும். கர்ப்பப்பையையும் வயிற்றையும் தைத்து முடிக்கத்தான் மீதி நேரம். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். மயக்க மருந்து சிறிது பிள்ளைக்கும் சேர்வதால், சில பிள்ளைகள் உடனே அழாமல் சற்றுத் தூக்கக் கலக்கமாயிருக்கும். அதற்காகவே குழந்தை டாக்டர் பக்கத்தில் நிற்பார். மூச்சுக்கு உதவி செய்தால் அநேகமாக விரைவில் தெளிந்துவிடும்.

ஆபத்தே இல்லையென்று நாம் சொல்லவில்லை. இரத்தப்போக்கு சற்று அதிகமாகலாம். தொண்டையில் குழாய் வைப்பது சிலருக்குக் கடினமாயிருக்கும். நடுவில் நினைவு வருமோ என்ற அச்சமும் அடியோடு பொய்யன்று. பிரிட்டன், அயர்லாந்து தேசங்களில் நடந்து 2014இல் வெளியான பெரிய ஆராய்ச்சியில், மொத்த முழு மயக்கங்களில் சுமார் 19,000க்கு ஒருவரும், சிஸேரியனில் சுமார் 670க்கு ஒருவரும் அப்படி நினைவு வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். இதை அறிந்தே இன்று மருந்தின் அளவைக் கவனமாகப் பார்க்கிறார்கள். அப்படி ஏதேனும் ஞாபகமிருந்தால் பெண் அதை வெளியே சொல்ல வேண்டும். வீட்டார் "கனவு" என்று தள்ளிவிடலாகாது.

கணவன் வெளியே நிற்கையில்

முதுகு ஊசியானால் கணவனைப் பக்கத்திலிருக்க அனுமதிக்கும் ஆஸ்பத்திரிகள் உண்டு. முழு மயக்கத்தில் பெரும்பாலும் அனுமதியில்லை. ஆகவே தாய் காணுமுன்பே தகப்பன் பிள்ளையைக் காண்கிறான். இது ஒரு அமானிதம். பாங்கும் இகாமத்தும் மெல்லிய குரலில் சொல்லலாம். பிள்ளைக்குச் சூடு குறையாதிருக்க, நர்ஸ் அனுமதித்தால் தகப்பனே தன் மார்போடு அணைத்து வைத்திருக்கலாம்.

தஹ்னீக் செய்ய விரும்புவோர் கையை நன்றாகக் கழுவி, டாக்டரிடம் கேட்டு, பேரீச்சம்பழத்தின் சாறு அணுவளவு தடவலாம். தேன் வேண்டாம். ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேனிலிருக்கக்கூடிய ஒரு கிருமி நரம்புகளைச் செயலிழக்கச் செய்யக்கூடும்.

மற்றொரு வேண்டுகோள். பிள்ளையின் படத்தை ஊரெங்கும் அனுப்புமுன், அதைப் பெற்றவள் அதன் முகத்தைப் பார்க்கட்டும். ஊரிலுள்ள மச்சினிச்சிமாரெல்லாம் பார்த்து முடித்த பிள்ளையைத் தாய் கடைசியாகப் பார்ப்பது நியாயமா?

கண் விழித்த பின்

எழும்போது தொண்டை கரகரப்பு, குமட்டல், நடுக்கம் வரலாம். முதுகு ஊசியின் மரப்பு இல்லாததால் காயத்தின் நோவும் உடனே தெரியும். நோவுக்கு மருந்து கேட்பது குறையல்ல. அவள் தெளிந்து பிள்ளையைப் பிடிக்கக்கூடிய நிலை வந்ததும் தாய்ப்பால் கொடுக்கலாம். மயக்க மருந்துக்காகப் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டியதில்லை.

காலில் இரத்தம் உறைந்து கட்டியாகி நுரையீரலுக்குப் போவது பெரிய ஆபத்து. ஆகவே சீக்கிரம் எழுந்து நடக்கச் சொல்வார்கள். சிலருக்கு ஊசியும் போடுவார்கள். இவ்வூசிகளில் சில பன்றியிலிருந்து எடுக்கப்படுபவை. மலேசிய தேசிய ஃபத்வாக் குழு 2009ஆம் ஆண்டு, கிளெக்ஸேன், ஃபிராக்ஸிபரின் என்ற இரண்டையும் பற்றி, மாற்று மருந்து கிடைப்பதால் அவற்றை உபயோகிக்கலாகாது என்று முடிவு சொன்னது. மாற்று மருந்து இந்தப் பெண்ணுக்குப் பொருந்துமா என்பதை டாக்டரிடமும், பொருந்தாவிடில் நிர்ப்பந்தத்தின் சட்டமென்ன என்பதை ஆலிமிடமும் நாள் குறித்த அன்றே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஆப்ரேஷன் முடிந்த இரவில் வார்டில் நின்று வாதாடும் விஷயமன்று இது.

வயிற்றின் வழியே பிள்ளை பிறந்தாலும் கர்ப்பப்பையிலிருந்து உதிரம் வரவே செய்யும். அது நிஃபாஸ். ஷாஃபி மத்ஹபில் அதன் கூடுதலான காலம் 60 நாள், ஹனஃபியில் 40 நாள். அறைக்குப் போகுமுன் தொழுகை நேரம் வந்துவிட்டால் முடிந்த விதத்தில் தொழுதுவிட்டுப் போவதே முறை.

பிடானை அழைத்து உருட்டு, பெங்குங் கட்டு, சுடுகல் ஒத்தடம் ஆகியவற்றைச் செய்வது காயம் ஆறி டாக்டர் அனுமதித்த பிறகே. காயம் சிவந்தால், சீழ் வைத்தால், காய்ச்சல் அடித்தால், கெண்டைக்கால் வீங்கி நொந்தால், மூச்சு முட்டினால், உதிரம் மிகுந்தால் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நோவில்லாப் பேறா?

நமது இல்லத்தில் முந்திய இரண்டும் முதுகு ஊசியில் நடந்த சிஸேரியன். மூன்றாவதற்குத் தட்டணுக்கள் குறைந்துவிட்டதால் முழு மயக்கம் கொடுத்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். பார்க்க வந்த ஒரு பெரியம்மா, "நோவுமில்லை, சத்தமுமில்லை, தூங்கி எழுந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாய்" என்று சிரித்தார்கள். வீட்டில் அப்போது ஒன்றும் பேசவில்லை. இரவில் மட்டும், "மச்சான், முந்தின இரண்டும் அழுததை நான் கேட்டேன். இது அழுததை நீங்கள்தான் கேட்டீர்கள். எப்படி அழுதது, சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். நாம் சொன்னோம். திரும்பவும் சொல்லச் சொன்னார்கள். சொன்னோம்.

சகோதரர்களே! தையல் போட்ட வயிற்றோடு இருமவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல், தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு பால் கொடுக்கும் ஒருத்தியைப் பார்த்து நோவில்லாதவள் என்று சொல்ல நமக்கு நாக்கு எப்படி வருகிறது? அத்தோடு, முதல் அழுகையைக் கேளாத ஏக்கமும் அவளுக்குண்டு. பிறந்த நாழிகையில் பிள்ளை யாரிடமிருந்தது, என்ன செய்தது என்று கணவன் ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுப்பதே அந்த ஏக்கத்துக்கு மருந்து. சில பெண்களுக்கு மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடிக்கும். அதுவும் நோய்தான், அதற்கும் டாக்டர் உண்டு.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? மர்யம் (அலை) அவர்கள் பேரீச்ச மரத்தடியில் பட்ட வேதனையை குர்ஆன் ஷரீஃப் சொல்கிறது. அந்த வேதனையை இகழவில்லை. குடிக்க நீரும் உண்ணப் பழமும் கொடுத்து ஆறுதல் சொல்லப்பட்டதையே சொல்கிறது. சூரா லுக்மானிலும் சூரா அஹ்காஃபிலும் தாய் சுமந்த சிரமத்தை எடுத்துக்காட்டிப் பெற்றோருக்கு நன்றி செய்யும்படி ஏவப்பட்டிருக்கிறது. பிள்ளை எந்த வழியாக வந்தது என்று பார்த்துத் தாயின் அந்தஸ்தைக் கூட்டவோ குறைக்கவோ நமக்கு எங்கும் அனுமதி கொடுக்கப்படவில்லை. வியாதிக்கு மருந்து செய்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்க, மருந்து செய்துகொண்டவளைக் குறை சொல்வது எந்த வகையில் சேரும்?

கடைக்காரருக்கு ஒரு வார்த்தை

நாள் முன்பே தெரிந்திருப்பது ஒரு பாக்கியம். பெருநாள் வியாபாரத்துக்கு நாம் எத்தனை வாரம் முன்பே ஏற்பாடு செய்கிறோம்! அவ்விதமே இதற்கும் செய்யலாம். கல்லாவைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள், வீட்டு வேலைக்கு உதவி, மூத்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோக ஒருவர், தேவைப்பட்டால் இரத்தம் கொடுக்க ஆட்கள் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 6 வாரம் அவள் பாரம் தூக்கலாகாது. அகீகாவை ஏழாம் நாள் கொடுத்தாலும், விருந்தாளிகளுக்கு அவள் ஓடியாட வேண்டியதில்லை. அடுத்த பிள்ளைக்கு எவ்வளவு இடைவெளி வேண்டுமென்பதையும் வீடு திரும்புமுன் டாக்டரிடம் கேளுங்கள். ஒவ்வொரு சிஸேரியனுக்குப் பிறகும் நச்சுக்கொடி தழும்பில் வேரோடும் அபாயம் கூடிக்கொண்டே போகிறது.

ஆப்ரேஷன் நாளன்று கடைக்குப் பூட்டுப் போடுங்கள். அன்றைய வியாபாரம் நாளை வரும். அவள் கண் விழிக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டிய ஆள் நீங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹுத் தஆலா நம் தாய்மாரையும் மனைவிமாரையும் பெண்மக்களையும் சுகமாகப் பெற்றுப் பிழைக்கச் செய்வானாக! நம்மை அவர்களுக்கு உதவியாக்கி வைப்பானாக! ஆமீன்.